52-ஆம் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஒரு பழைய ஆட்டத்தின் பதிவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். 1979 ஜனவரி 21, மயாமி. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் டல்லஸ் கவ்பாய்ஸும் மோதிய பதின்மூன்றாவது சூப்பர் பவுல், அமெரிக்க ஃபுட்பாலின் இறுதிப்போட்டி. 35-31 என்று ஸ்டீலர்ஸ் ஜெயித்த ஆட்டம். இதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் டெர்ரி பிராட்ஷாவைத்தான் பார்ப்பார்கள். அன்று நான்கு டச்டவுன்களுக்கு, அதாவது பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பதற்கு, பந்தை வீசியவர் அவர், ஆட்ட நாயகனும் அவர்தான். நான் அவருக்கு முன்னால் குனிந்து நிற்கும் 52-ஆம் எண்ணை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். மடியில் ஒரு நோட்டு. அந்த ஆள் எதிரில் இருப்பவன்மேல் மோதும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு.

அவர் பெயர் மைக் வெப்ஸ்டர்.

பிட்ஸ்பர்க்குக்குக் குடிவந்த முதல் வருடத்தில் எனக்கு இந்த ஆட்டம் ஒன்றுமே புரியவில்லை. ஃபுட்பால் என்று பெயர், ஆனால் காலால் உதைப்பது எப்போதாவது ஒருமுறைதான். மூன்று நொடி ஆட்டம், அப்புறம் அரை நிமிடம் சும்மா நிற்பது. இந்த ஊரிலோ அதைத் தெரியாமல் இருக்கவே முடியாது. பென் ஹில்ஸ் மேட்டில் இருக்கும் வேங்கடேசுவரர் கோயிலில்கூட, ஞாயிற்றுக்கிழமை புளியோதரைக்கு நிற்கும் வரிசையில் கறுப்பும் மஞ்சளுமாகச் சட்டைகள் தெரியும். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். இரும்பு ஆலையில் வேலை பார்த்து, ஆலை மூடியபோது வெளியே வந்தவர். அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் பாடமே இதுதான்: "பந்தைப் பார்க்காதே. நடுவில் இருக்கும் ஐந்து பேரைப் பார். ஆட்டம் அங்கேதான் நடக்கிறது."

அந்த ஐந்து பேரில் நடுவில் இருப்பவர் சென்டர். ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்குவது அவர் கையில்தான். தரையில் இருக்கும் பந்தின்மேல் கை வைத்துக் குனிந்து நிற்பார். பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசுகிறவர், குரல் கொடுத்ததும் பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்துவிட்டு, அதே நொடியில் முன்னால் பாய வேண்டும். எதிரில் ஒரு முழ தூரத்தில் அவரைவிடக் கனமான ஒருவன் காத்திருப்பான். அவனுக்கு இரண்டு கைகளும் தயாராக இருக்கும். சென்டருக்கு ஒரு கை இன்னும் கால்களுக்கு நடுவில்தான் இருக்கும். அந்த இடைவெளியில் எது முதலில் போய் மோதும்? தலைதான்.

வெப்ஸ்டர் ஆட வந்த காலத்தில் விதிகளும் அப்படித்தான் இருந்தன. 1978 வரை, தடுத்து ஆடுகிறவர் கைகளை நீட்டித் தள்ள முடியாது. மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உடம்பால்தான் முட்ட வேண்டும். எதிரணிக்காரன் திறந்த கையால் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் ஓங்கி அறையலாம். அது தடை செய்யப்பட்டதே 1977-இல்தான். வெப்ஸ்டரின் முதல் சில வருடங்கள் முழுக்க இந்த விதிகளுக்குக் கீழே கழிந்தன. இதை நான் விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர் வாழ்க்கையில் பின்னால் நடந்தது எல்லாவற்றுக்கும் விதை இந்த ஒரு முழ தூரத்தில்தான் விழுந்தது.

1952 மார்ச் 18-ஆம் தேதி விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே டோமஹாக் என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பத்துக்கு உருளைக்கிழங்குப் பண்ணை. வருடத்தில் பாதி நாள் பனி மூடிக்கிடக்கும் பக்கம் அது. மாடிசனில் இருக்கும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். ஆறடி ஓரங்குலம் உயரம். இந்த இடத்துக்கு அவர் சின்ன ஆள் என்பதுதான் தேர்வாளர்கள் பலருடைய கணிப்பு.

1974-இல் வந்தது அந்தப் புகழ்பெற்ற ஆள் எடுப்பு. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுத்துக்கொள்ளும் நாள் அது. ஸ்டீலர்ஸ் முதல் சுற்றில் லின் ஸ்வானையும், இரண்டாம் சுற்றில் ஜாக் லாம்பர்ட்டையும், நான்காம் சுற்றில் ஜான் ஸ்டால்வொர்த்தையும் எடுத்தது. ஐந்தாம் சுற்றில், மொத்தத்தில் 125-ஆவது ஆளாக, வெப்ஸ்டர். நான்கு பேருமே பின்னால் ஒஹாயோவின் கான்டன் நகரில், சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார்கள். ஒரே வருடத்தில், ஒரே அணி எடுத்த நான்கு பேர். பெரியவர் இந்தக் கதையை எனக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் பெயர்களை விரல் விட்டு எண்ணி, கடைசி விரலை மடக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "வெபி" என்பார். சக ஆட்டக்காரர்கள் வெப்ஸ்டரைக் கூப்பிட்ட பெயர் அது.

முதல் இரண்டு வருடம் ரே மான்ஸ்ஃபீல்ட் என்ற மூத்த சென்டரோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1976-இலிருந்து அந்த இடம் அவருடையதானது. அதற்கப்புறம் பத்து வருடத்துக்கு அவரை அங்கிருந்து அசைக்க முடியவில்லை. 1974-இலிருந்து எண்ணினால் தொடர்ந்து 177 ஆட்டங்கள், ஒன்றைக்கூட விடாமல். நான்கு சூப்பர் பவுல் வெற்றிகள். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் புரோ பவுலுக்கு ஒன்பது முறை தேர்வு. தலைமைப் பயிற்சியாளர் சக் நோலின் திட்டத்தில் தடுப்பாளர்கள் வேகமாக இடம் மாறிப் பொறி வைப்பதுதான் உயிர். அதற்கு நடுவில் இருப்பவன் எதிரணி எப்படி நிற்கிறது என்பதைப் படித்து மற்ற நால்வருக்கும் குரல் கொடுக்க வேண்டும். அதற்காக வெப்ஸ்டர் எதிரணிகளின் படச்சுருள்களை மணிக்கணக்கில் பார்ப்பார். முரட்டு உடம்பு என்றுதான் அவரைப் பற்றிப் பேச்சு வரும். அந்தத் தலைக்குள் ஓடிய கணக்கைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் பின்னால் பறிபோனது அந்தக் கணக்குதான்.

ஒரு படம் மட்டும் இந்த ஊர்க்காரர் எல்லோருக்கும் மனப்பாடம். டிசம்பர், ஜனவரியில் மூன்று ஆறுகள் சேரும் இடத்தில் இருந்த பழைய ஸ்டேடியத்தில், வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு வரும் குளிரில், சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு வெறும் கைகளோடு குனிந்து நிற்கும் வெப்ஸ்டர். அந்த வருடங்களில் இங்கே ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்தன. "நாங்கள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தோம். அவன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேலைக்குப் போனான்" என்றார் பெரியவர். ஸ்டீலர்ஸை ஏன் இந்த ஊர் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

1988 பருவம் முடிந்ததும் ஸ்டீலர்ஸ் அவரை விட்டது. பயிற்சியாளராகச் சேர கான்சஸ் சிட்டி அணிக்குப் போனவர், அங்கேயும் இரண்டு வருடம் ஆடினார். 1991 மார்ச்சில் ஓய்வு. 17 பருவங்கள், 245 ஆட்டங்கள்.

ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்குச் சுமார் அறுபது முறை பந்து கைக்கு வரும். இவர் பாதி நேரம் மட்டும் ஆடிய வருடங்களைக் கழித்துப் போட்டாலும், களத்தில் பந்தைக் கொடுத்துவிட்டு முட்டியது பத்தாயிரம் தடவைக்கு மேல் வரும். பயிற்சியில் முட்டியதை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. லாட்ரோபில் நடக்கும் கோடைப் பயிற்சி முகாமில் இரண்டு பேரை நேருக்கு நேர் நிறுத்தி, விசில் ஊதியதும் மோதவிடுவார்கள். ஒக்லஹோமா டிரில் என்று பெயர். பார்க்கக் கூட்டம் கூடும். ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். லீக் அதைக் கைவிட்டது 2019-இல்தான். முகாமுக்கு வந்த புது ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேருக்கு அதில் எதிரில் நின்றது வெப்ஸ்டர்.

இந்த மோதல்களில் பெரும்பாலானவை அவரைக் கீழே தள்ளவில்லை. மயக்கம் போட்டு விழுந்தால் டாக்டர் ஓடிவருவார், ஸ்ட்ரெச்சர் வரும், மறுநாள் செய்தித்தாளில் வரும். இவருடையது அப்படியான அடி இல்லை. முட்டுவார், எழுந்து வருவார், மறுபடி குனிவார். தினம் ஒரு சொட்டு விழுவது மாதிரி. பாத்திரம் நிரம்பும்வரை யாருக்கும் தெரியாது.

ஓய்வுக்குப் பிந்தைய பதினோரு வருடங்களை எழுதும்போது கை தயங்குகிறது. பணம் போட்ட இடங்களில் போயிற்று. மணவாழ்க்கை முறிந்தது. நல்ல வீட்டில் இருந்த மனிதர் தன் பிக்கப் டிரக்கில் தூங்கினார், சில இரவுகள் ரயில் நிலையத்தில். பல் விழுந்தால் சூப்பர் குளூ வைத்து ஒட்டிக்கொள்வார். உடம்பு வலியில் தூக்கம் வராதபோது, மின்னதிர்ச்சி கொடுக்கும் டேசர் துப்பாக்கியைத் தன் உடம்பிலேயே வைத்துச் சுட்டுக்கொண்டு, அந்த மயக்கத்தில் கண்மூடுவார். தெரிந்த பாதையில் வழி தவறும். பக்கம் பக்கமாகக் கடிதங்கள் எழுதுவார். தெளிவாகத் தொடங்கி, பாதியில் கிறுக்கலாகிவிடும். தான் எழுதியது தனக்கே புரியாமல் போவது அவருக்குத் தெரிந்தும் இருந்தது. எனக்கு இதில் தாங்கமுடியாதது அந்தத் தெரிந்திருத்தல்தான். 1999-இல் ரிட்டலின் மாத்திரைக்காகப் போலி மருந்துச்சீட்டு எழுதிய வழக்கில், குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் நிற்க வேண்டிவந்தது. மனம் ஒரு நிலையில் நிற்க அவருக்கு அந்த மாத்திரை தேவைப்பட்டது.

இதற்கு நடுவில், 1997 ஜூலையில், கான்டனில் ஹால் ஆஃப் ஃபேம் விழா. பிராட்ஷாதான் அவரை மேடைக்கு அறிமுகம் செய்தார். வெப்ஸ்டரின் பேச்சு இருபது நிமிடம் ஓடியது. ஒரு விஷயத்தில் தொடங்கி இன்னொன்றுக்குத் தாவி, திரும்பி வரப் பார்த்து, வழி கிடைக்காமல் வேறெங்கோ போகும் பேச்சு. எதிரணியின் பதினொரு பேரும் என்ன செய்யப்போகிறார்கள் என்று ஒரே பார்வையில் சொன்ன மனிதர் அவர். அந்தப் பதிவை நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். போதும்.

பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற மேற்கு வர்ஜீனியா வழக்கறிஞர் அவருக்காக லீக்கின் ஓய்வூதியத் திட்டத்தில் ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார். மருத்துவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சோதித்தார்கள். வாகன விபத்தில் எப்போதாவது சிக்கியிருக்கிறீர்களா என்று ஒரு மருத்துவர் கேட்டதற்கு, "ஒரு 25,000 தடவை இருக்கும்" என்றாராம் வெப்ஸ்டர். எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஓய்வூதிய வாரியமே அனுப்பிவைத்தவரும் அதில் உண்டு. ஃபுட்பால் ஆடியதால் தலையில் பட்ட அடிகள் இவர் மூளையைக் கெடுத்துவிட்டன என்பது அந்த முடிவு. அணி உரிமையாளர்கள் தரப்பும் ஆட்டக்காரர் சங்கத் தரப்பும் சேர்ந்து உட்காரும் அந்த வாரியம், 1999-இல் அதை ஏற்றுக்கொண்டது. எழுத்திலும் கொடுத்தது.

ஆனால் முழுத் தொகையை ஏற்கவில்லை. ஆடும்போதே ஊனம் தொடங்கியது என்றால் ஒரு தொகை, ஓய்வுக்குப் பிறகு வந்தது என்றால் குறைந்த தொகை. 1996-இலிருந்துதான் முழு ஊனம் என்றது வாரியம். 1991-இலேயே அவரால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை என்று ஃபிட்ஸ்சிம்மன்ஸ் விடாமல் வாதாடினார். வெப்ஸ்டர் இறந்த பிறகு, அவருடைய உடைமைகளுக்குப் பொறுப்பாளராக இருந்த நண்பர் சன்னி ஜானியின் பெயரில் வழக்கு நடந்தது. 2005-இல் பால்டிமோர் ஃபெடரல் நீதிமன்றமும், 2006 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 15 லட்சம் டாலருக்கு மேல். பணம் வந்தபோது அவர் இல்லை.

2002 செப்டம்பர் 24 அன்று பிட்ஸ்பர்க்கில் மாரடைப்பால் இறந்தார். வயது 50.

அந்த வார இறுதியில் மாவட்டப் பிரேதப் பரிசோதனை அலுவலகத்தில் பணியில் இருந்தவர் பென்னட் ஒமாலு. நைஜீரியாவிலிருந்து வந்த இளம் மருத்துவர், ஃபுட்பால் பற்றி ஒன்றும் தெரியாதவர். காலையில் தொலைக்காட்சியில் எல்லோரும் ஒரு ஆளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுவிட்டு வேலைக்கு வந்தால், மேசையில் கிடப்பது அதே ஆள். மண்டையோட்டைத் திறந்தார். மூளை பார்க்க நன்றாகவே இருந்தது. சுருக்கம் இல்லை, தழும்பு இல்லை. இறப்புக்குக் காரணம் இதயம் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர் மூளையை எடுத்து வைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்ற ஏற்பாடு செய்தார். அந்தச் செலவைத் தன் கையிலிருந்தே போட்டார்.

நுண்ணோக்கியில் தெரிந்தது டௌ என்ற புரதம், இருக்கக்கூடாத இடங்களில் பழுப்புத் திட்டுகளாகக் கட்டியிருந்தது. நரம்பணுக்களுக்குள் நூலிழைகளைத் தாங்கி நிற்க வேண்டிய புரதம் அது. தலை திரும்பத் திரும்ப அதிரும்போது கழன்று, முடிச்சிட்டு, அணுவையே அடைத்துவிடுகிறது. குத்துச்சண்டைக்காரர்களுக்கு இப்படி ஆவதை 1928-லேயே மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். ஃபுட்பால்காரரின் மூளையில் யாரும் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 2005 ஜூலையில் நியூரோசர்ஜரி என்ற மருத்துவ இதழில் ஒமாலுவும் சக மருத்துவர்களும் அதை வெளியிட்டார்கள். இன்று சி.டி.இ. என்ற மூன்றெழுத்தில் அதை எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருப்பவருக்கு உறுதியாகக் கண்டுபிடிக்க இன்னும் வழியில்லை.

இனி வருவது எனக்கு எத்தனை தடவை படித்தாலும் கோபம் வருகிற பகுதி. என்.எஃப்.எல். லீக் தலைக் காயங்களை ஆராய 1994-இல் ஒரு குழு வைத்திருந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் மூளைக்கு அடிக்கடி, திரும்பத் திரும்ப அடி விழுவதில்லை என்று அந்தக் குழு அதே மருத்துவ இதழில் எழுதியது. ஒமாலுவின் கட்டுரை வந்ததும் அதன் உறுப்பினர்கள் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று இதழுக்கு எழுதினார்கள். இதழ் மறுத்துவிட்டது. லீக்கின் ஓய்வூதிய வாரியமோ, தலையில் பட்ட அடிகளால்தான் வெப்ஸ்டருக்கு இந்த நிலை என்று அதற்கு ஆறு வருடம் முன்பே ஏற்றுக்கொண்டு பணமும் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு அறையில் ஒப்புக்கொண்டதை அடுத்த அறையில் மறுத்தார்கள். அந்த வருடங்களில் எத்தனை பள்ளிக்கூடத் திடல்களில் எத்தனை பையன்கள் குனிந்து நின்றிருப்பார்கள்!

லீக்கின் மூத்த அதிகாரி ஒருவர் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, ஃபுட்பாலுக்கும் சி.டி.இ.-க்கும் தொடர்பு உண்டு என்று சொன்னது 2016 மார்ச்சில். அதற்கடுத்த வருடம் பாஸ்டன் பல்கலைக்கழகம், தானமாக வந்த 111 என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளைகளில் 110-இல் அந்த நோய் இருந்ததாக வெளியிட்டது. நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தில் குடும்பங்கள் கொடுத்த மூளைகள் அவை, ஆகவே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் அதே விகிதம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 110.

அன்றிரவு என் நோட்டில் முதல் பாதி முடிவதற்குள்ளேயே இருபத்தைந்து கோடுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எண்ணுவது சுலபமாக இருக்கவில்லை. கேமரா எப்போதும் பந்தின் பின்னால் போய்விடும். பந்து கையைவிட்டுப் போனதும் 52 திரையின் ஓரத்துக்கு நழுவும், ஒரு முட்டல் தெரியும், அப்புறம் காணாமல் போகும். ஓட்டமும் வீச்சும் கொண்டாட்டமும் முடிந்து கேமரா திரும்பி வரும்போது, அவர் மறுபடி நடுவில் வந்து குனிந்திருப்பார். ஸ்டால்வொர்த் பந்தைப் பிடித்துக்கொண்டு எழுபத்தைந்து கஜம் ஓடிய அந்த அற்புதமான ஓட்டத்தைக்கூட நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பின்னோக்கி ஓட்டி, அது தொடங்கிய இடத்தை மட்டும் மூன்று தடவை பார்த்தேன்.

மறுநாள் நோட்டைப் பெரியவரிடம் காட்டினேன். கோடுகளின்மேல் விரலை ஓட்டினார். "நாங்கள் கத்தினோம் தெரியுமா? அவன் ஒருத்தனைத் தூக்கி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்று கத்துவோம்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய்த் தேநீர் போட்டு எடுத்துவந்தார்.

இந்தக் கோடையில் அவரையும் அழைத்துக்கொண்டு லாட்ரோபுக்குப் போனேன். ஸ்டீலர்ஸ் இன்னும் அதே செயின்ட் வின்சென்ட் கல்லூரித் திடலில்தான் பயிற்சி எடுக்கிறது. புல்மேட்டில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கலாம். நடுவில் நின்ற ஐந்து பேரின் ஹெல்மெட்டுக்கு மேல் தடித்த மெத்தை போல ஒரு உறை மாட்டியிருந்தது. 2022-இலிருந்து முகாமில் அந்த இடங்களில் ஆடுகிறவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உறை. வெப்ஸ்டருக்குப் பிறகு 52-ஆம் எண்ணை ஸ்டீலர்ஸ் யாருக்கும் கொடுக்கவில்லை, அதனால் சென்டரின் முதுகில் வேறொரு எண். இளைஞன், இருபத்து நான்கு வயதுக்கு மேல் இருக்காது. குனிந்தான். குரல் வந்தது. பந்து பின்னால் போயிற்று.

பக்கத்தில் எல்லோருடைய தலையும் பந்தோடு இடது பக்கம் திரும்பியது. பெரியவர் திரும்பவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பையன் எழுந்து நிற்கும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.